அறுபத்தோராம் நாள்

லார்ஸ்டன், வடக்கு டகோட்டா
ஜூன் 19, 2005

காரின்,

நீ இராக் போய்ச் சேர்ந்துவிட்டதாக உன் கிளினிக்கில் பில் எழுதும் டார்லா சொன்னாள். நல்லது. உன் நாற்காலி என் முதுகை ஒடிக்கிறது. உயர்த்தவும் முடியவில்லை, தாழ்த்தவும் முடியவில்லை. இதில் எப்படித்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்தாய்?

உன் நோயாளிகள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி அவர்கள் உடம்பைப் பற்றியது இல்லை. “காரின் எப்ப வருவாங்க?” அதுதான். பதினொரு வருஷம் நானும் இதே கட்டடத்தில் உன்கூட வைத்தியம் பார்த்தவன். விட்டுப் போய் நான்கே வருஷம் ஆகிறது, அதற்குள் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. மறக்காதவர்கள் அதைவிட மோசம். நேற்று பெட்ரோல் பங்க்கில் ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன டாக்டர், ஃபார்கோ உங்களைத் திருப்பி அனுப்பிடுச்சா?” என்றார். ஃபார்கோ ஆஸ்பத்திரியில் சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு உனக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நான் பார்க்கும் முதியவர்களுக்கு எல்லாம், அவர்களுடைய அரசுக் காப்பீடான மெடிகேருக்கு உன் பெயரில்தான் பில் போகிறது. அதாவது பாலைவனத்தில் கூடாரத்தில் இருக்கிற நீ, அதே நேரத்தில் லார்ஸ்டனில் கிழவிகளுக்கு ரத்த அழுத்தமும் பார்க்கிறாய். உன் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்த்துவிட்டால், இது மாற்று மருத்துவர் பார்த்தது என்று அர்த்தமாம். அதுவரை சரி. ஆனால் இந்த ஏற்பாடு அறுபது நாள்தான் செல்லும் என்கிறாள் டார்லா. நீ நான்கு மாதம் என்றுதான் என்னிடம் சொன்னாய்.

இதையெல்லாம் யோசிக்காமல் நீ என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாய். அறுபத்தோராம் நாள் நான் என்ன செய்ய வேண்டும்? எழுது.

லாய்ட்


பலாட், இராக்
ஜூலை 3

லாய்ட்,

நாற்காலியின் இடது பக்கம் அடியில் ஒரு பிடி இருக்கிறது. இழுக்காதே, அழுத்து.

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று கோபப்படாதே. இங்கே போனுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. முகாமில் யாராவது இறந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு முறைப்படி செய்தி போய்ச் சேரும்வரை போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். இந்த வாரம் பெரும்பாலும் அடைத்தே இருந்தது. கடிதம் தாமதமாக வந்தாலும் வந்துவிடும்.

அறுபது நாள் விஷயம் எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன். ராணுவம் கூப்பிட்டுப் போனவர்களுக்கு விதிவிலக்கு இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இல்லாமல் எப்படி இருக்கும்? ஊரில் வேலை பார்த்துக்கொண்டே ராணுவ ரிசர்வில் பெயர் கொடுத்திருக்கும் என்னைப் போன்ற மருத்துவர்களை நான்கு மாதத்துக்கு மேல் பிடித்து வைத்தால் ஊரில் அவர்கள் பிழைப்பு போய்விடும் என்று ராணுவமே யோசித்துத்தான் இந்தக் கணக்கு வைத்திருக்கிறது. மெடிகேரைக் கேட்டால், ஹவாய்க்கு உல்லாசமாகப் போன மருத்துவரும் நானும் அவர்களுக்கு ஒன்றுதான் என்று இங்கே கூட இருக்கும் ஒரு பல் மருத்துவர் சொல்கிறார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே வழி, நீ உன் பெயரில் மெடிகேர் எண் வாங்குவது. என் கிளினிக்கோடு அதைச் சேர்த்துவிட்டால் உன் பெயரிலேயே பில் போகும். ஃபார்கோவில் நீ பார்க்கும் முன்னாள் படைவீரர்களுக்கு அரசே நேரடியாகச் செலவு செய்வதால் உனக்கு எண் இல்லை, பழையதையும் விட்டுவிட்டாய். உடனே விண்ணப்பம் போடு. படிவம் என்றால் உனக்கு அலர்ஜி என்று தெரியும். அதற்குப் பயந்துதானே இத்தனை நோயாளிகளையும் என் தலையில் கட்டிவிட்டு ஓடினாய்? இந்த ஒரு தடவை ஓடாதே.

இங்கே நிழலிலேயே வெயில் கொளுத்துகிறது. காலையில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வரிசையாகப் பார்ப்பேன். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடுவேன்.

காரின்


லார்ஸ்டன்
ஜூலை 15

காரின்,

பிடியை அழுத்தினேன். நாற்காலி மொத்தமாகக் கீழே போய்விட்டது. இப்போது மேஜைக்கு மேலே என் தலை மட்டும் தெரிகிறது.

ஓடினாய் என்று எழுதியிருக்கிறாய். போகட்டும். நான்கு வருஷத்துக்கு முன்னாலேயே அந்தச் சீருடையைக் கழற்றிவிடு, ஒற்றை ஆள் கிளினிக் வைத்திருக்கிறவளுக்கு இது ஒத்துவராது என்று யார் சொன்னது? ராணுவம் உன் படிப்புக் கடனை அடைத்தாகிவிட்டது, அப்புறமும் ஏன் என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மெடிகேருக்காக பில் வாங்கும் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். முதல் நாள் பேசியவர், ராணுவத்துக்கு விலக்கு எதுவும் இல்லை என்றார். பிறகு என் மேல் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். சொந்த மருத்துவர் திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமாம். அப்படியானால் அவர் இராக்கிலிருந்து ஒரு நாள் வந்து, ஒரு கிழவருக்கு இருமல் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போருக்குப் போனால் போதுமா என்று கேட்டேன். விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வந்தாங்கன்னா போதும் சார்” என்றார். நல்ல மனிதர். கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வேறொருவர். எண் வருவதற்கு முன்னால் நான் பார்த்தவர்களுக்கு, எண் வந்தபிறகு சேர்த்து பில் அனுப்பலாமா என்று கேட்டேன். அனுப்பலாம் என்றார். சந்தேகத்துக்கு அடுத்த நாளும் கூப்பிட்டேன். அன்றைக்கு இருந்தவர் கூடாது என்றார். எழுத்தில் தாருங்கள் என்றால் இரண்டு பேருமே தரமாட்டார்களாம்.

விண்ணப்பம் நிரப்பியாகிவிட்டது. ஆனால் கிளினிக் உன்னுடையது என்பதால் உன் கையெழுத்து வேண்டும். நகல் கூடாது, மையில் போட்டதுதான் வேண்டும். இத்துடன் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு அன்றைக்கே தபாலில் சேர்.

லாய்ட்


பலாட்
ஜூலை 29

லாய்ட்,

படிவம் இன்று காலைதான் வந்தது. கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் இது உன்னிடம் வந்து சேரட்டும்.

ஆனால் இது வேலைக்கு ஆகாது. உன்னிடம் வரவே ஆகஸ்ட் பாதி ஆகிவிடும். அதற்கப்புறம் அவர்கள் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் டார்லாவுக்கும் நர்சுக்கும் சம்பளம் யார் கொடுப்பது? அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மெடிகேர்தான், உனக்கே தெரியும்.

அதனால் நான் சொல்வதைக் கேள். அறுபது நாள் முடிந்ததும் அந்த மாற்று மருத்துவர் குறியீட்டை மட்டும் எடுத்துவிடச் சொல். என் பெயர் அப்படியே இருக்கட்டும். நானே பார்த்ததாகப் போகட்டும். யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தால் வந்து பதில் சொல்கிறேன். என்ன செய்துவிடுவார்கள்? இராக்குக்கு அனுப்புவார்களா?

நேற்று பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை ஜெர்மனியில் உள்ள எங்கள் ராணுவ ஆஸ்பத்திரிக்கு விமானம் ஏற்றும்வரை, மூச்சுப்பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்காக யாரும் என்னிடம் படிவம் கேட்கவில்லை. முடித்துவிட்டுக் கூடாரத்துக்கு வந்தால் கட்டிலில் உன் படிவம். இரண்டையும் செய்கிறவள் ஒரே ஆள் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

குறியீட்டை எடுத்துவிடு. நான் சொல்கிறேன்.

காரின்


லார்ஸ்டன்
ஆகஸ்ட் 14

காரின்,

முடியாது.

உன் கடிதத்தை டார்லாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் செய்தாலும் செய்திருப்பாள், உன் மேல் அவளுக்கு அவ்வளவு விசுவாசம். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

சட்டத்துக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதே. அதுவும் உண்டு, அது மட்டும் இல்லை. இந்த வாரம் நான் ஒருவருக்கு மருந்து மாற்றியிருக்கிறேன். நாளைக்கு அது தப்பாகப் போனால் உன் பெயரில் அல்லவா இருக்கும்? நான் செய்கிற தப்பை, பார்க்காத நீ, ஏழாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு சுமக்க வேண்டுமா? போன தடவை நான் போனபோது என் வேலையை உன் தலையில் கட்டிவிட்டுப் போனேன் என்கிறாய். தப்பையும் சேர்த்துக் கட்டச் சொல்லாதே.

ஆகஸ்ட் நான்கோடு அறுபது நாள் முடிந்தது. படிவம் முந்தாநாள் வந்தது, அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அதுவரை நான் ஒரு முடிவெடுத்திருக்கிறேன். மெடிகேர்காரர்கள் எப்போதும் போல வரட்டும், பார்க்கிறேன். எண் வந்தபிறகு பில் அனுப்ப விட்டால் அனுப்பலாம், விடாவிட்டால் போகட்டும், அவர்களிடம் ஒரு சென்ட்கூட வாங்குவதில்லை. டார்லாவுக்கும் நர்சுக்கும் என் சேமிப்பிலிருந்து கொடுக்கிறேன். நன்றி சொல்லாதே, எனக்குக் கோபம்தான் வரும்.

இதைக் கேட்டு ஊர் சந்தோஷப்படும் என்று நினைத்தேன். முன்னறை காலியாகிக்கொண்டு வருகிறது. திங்கட்கிழமை நான்கு பேர், செவ்வாய்க்கிழமை இரண்டு பேர். எல்லோருக்கும் அறுவடை என்கிறாள் டார்லா. அறுவடைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்பது வயது லூவெல்லாவுக்கு என்ன அறுவடை? வழியில் பார்த்துக் கேட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே போனாள்.

லாய்ட்


பலாட்
ஆகஸ்ட் 27

லாய்ட்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. இப்போது இல்லை. நீ சொன்னது சரி. அந்தக் கடிதம் எழுதியபோது நான் தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

உன் பணத்தை நான் திருப்பித் தருவேன். கோபப்பட்டுக்கொள்.

லார்ஸ்டன்காரர்களைப் பற்றி ஒன்று மறந்துவிட்டாய். இலவசம் என்று அவர்களிடம் சொன்னாயா? அதைச் சொல்லவே கூடாது. பில் வரும் என்று சொல்லு. எப்போது வரும் என்று சொல்லாதே. பில் வரும் என்றால்தான் வருவார்கள். முதலில் அல்வின் வெட்ஸலைப் பார். அவர் பாதத்தில் ஒரு புண் இருக்கிறது, சர்க்கரை வேறு. வாராவாரம் வியாழக்கிழமை நானே கட்டு மாற்றுவேன். ஒரு வாரம்கூட விடக்கூடாது. அவர் ஒழுங்காக வருகிறார் என்று எழுது.

இங்கே ஒரு புதுச் சிக்கல். என் இடத்துக்கு வரவேண்டியவர் கான்சஸில் தனியாகக் கிளினிக் நடத்துகிறவர். அவரும் அறுபது நாள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது, தவணை கேட்டிருக்கிறார். ஆள் வரும்வரை இன்னும் மூன்று மாதம் இருக்க முடியுமா என்று தளபதி என்னிடம் கேட்டார். உத்தரவு இல்லை, வேண்டுகோள்தான். செப்டம்பர் பதினைந்துக்குள் சொல்ல வேண்டும்.

இருக்கட்டுமா என்று உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன்.

காரின்


லார்ஸ்டன்
செப்டம்பர் 2

காரின்,

இதற்கு முந்தைய கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

அல்வின் வெட்ஸலின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிஸ்மார்க் ஆஸ்பத்திரியில், செவ்வாய்க்கிழமை. பிழைத்துக்கொண்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன், ஜூலை முழுக்க ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தார். புண் ஆறிக்கொண்டே வந்தது. ஆகஸ்ட் முதல் வியாழன் அறுபத்தோராம் நாளுக்கு முந்தைய நாள். அன்றும் வந்தார். டார்லா அவரிடம், அடுத்த வாரத்திலிருந்து டாக்டர் பணம் வாங்கமாட்டார் என்று நல்ல செய்தியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அடுத்த வியாழன் வரவில்லை. போன் செய்தபோது கோதுமை அறுப்பு என்றார். அதற்கடுத்த வியாழனும் அதையே சொன்னார். மூன்றாவது வியாழன் போனை எடுக்கவில்லை.

நான் மறுநாளே போயிருக்க வேண்டும். திங்கட்கிழமைதான் போனேன். களத்து மேட்டில் அறுவடை இயந்திரத்தின் நிழலில் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போகும்போதே வாடை வந்தது. பூட்ஸை வெட்டித்தான் எடுத்தேன். உள்ளே இருந்ததை உனக்கு விவரிக்க வேண்டியதில்லை, நீ அதைவிட அதிகம் பார்க்கிறாய்.

“ஏன் வரலை?” என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“டார்லா காசு வேணாம்னுட்டா. காசு குடுக்காம நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்ல டாக்டர். சும்மா வந்து உக்காந்தா அந்தம்மா அங்க சண்டை போடுறப்ப நான் இங்க அவங்க கடையக் கொள்ளையடிக்கிற மாதிரி இருக்கும்.”

அந்தம்மா என்றது உன்னை.

ஆம்புலன்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். வழி முழுக்கக் கோதுமை விலை பேசிக்கொண்டு வந்தார். அறுவை அறைக்குள் கொண்டுபோகும் முன், நான் அவரோடு வந்ததற்கு பில் யாருக்குப் போகும் என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்று பொய் சொன்னேன். நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.

இப்போது எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ சொன்ன அந்தப் பெரிய பொய்யைச் சொல்லியிருந்தால், குறியீட்டை எடுத்துவிட்டு உன் பெயரில் பில் அனுப்பியிருந்தால், அவர் வியாழக்கிழமைதோறும் வந்திருப்பார். கால் இருந்திருக்கும். நான் நேர்மையாக இருந்தேன். கால் போய்விட்டது. இதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை.

லாய்ட்


பலாட்
செப்டம்பர் 14

லாய்ட்,

உன் கடிதத்தை ஹெலிகாப்டர் தளத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன்.

உன் மேல் கோபமில்லை. இருக்கும் என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன், இல்லை. நான் சொன்னபடி நீ செய்திருந்தால் அல்வினுக்குக் கால் இருந்திருக்கும், உண்மை. உன் மருத்துவ உரிமம் போயிருக்கலாம், என்னுடையதும் போயிருக்கலாம், அப்போது அந்த ஊரில் இருநூறு அல்வின்களுக்கு மருத்துவரே இல்லை. அதுவும் உண்மை. இதில் எது சரி என்று நீயும் நானும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அந்த விதியை எழுதினவர்களில் ஒருவராவது ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நமக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. என் கோபம் அங்கேதான் போய் நிற்கிறது. அங்கே எழுத முகவரி இல்லை.

தளபதியிடம் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். எளிதாகச் சொல்லவில்லை. இங்கேயும் என்னை நம்பிப் படுத்திருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். லார்ஸ்டனுக்கு யாரும் பிடித்துக்கொண்டு வரமாட்டார்கள். செப்டம்பர் கடைசியில் ஊரில் இருப்பேன்.

உன் விடுப்பும் அப்போதே முடிகிறது, தெரியும். ஃபார்கோவுக்குப் போக வேண்டும் என்றால் போ, இந்தத் தடவை ஓடினாய் என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் எண் வந்தால் அதை ரத்து செய்யாதே. கொஞ்ச நாள் கூட இரு. எனக்கு அல்வின் முன்னால் தனியாகப் போய் நிற்கத் தைரியமில்லை.

காரின்


லார்ஸ்டன்
ஆகஸ்ட் 20, 2007

காரின்,

ராணுவம் உன்னை இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, இதைப் பற்றி இனிமேல் உனக்கு எழுதவே கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே எல்லாம் ஓடுகிறது. நான் ஃபார்கோவை விட்டு இங்கேயே பங்குதாரராகச் சேர்ந்து, கதவில் உன் பெயரும் என் பெயரும் இருப்பதால், நீ போனதிலிருந்து நான் பார்ப்பதற்கு என் பெயரிலேயே பில் போகிறது. டார்லா இந்த முறை நிம்மதியாகத் தூங்குகிறாள். லூவெல்லாவுக்கு இருமல் அப்படியே இருக்கிறது, இருமிக்கொண்டே எங்கள் எல்லோரையும் குழிக்கு அனுப்பிவைப்பாள் போலிருக்கிறது.

செய்தி இதுதான். இந்த மாதம் நம் நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் நிறைவேற்றிவிட்டது. ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட மருத்துவரின் இடத்தில் வேறொருவர் பார்த்தால் அறுபது நாள் வரம்பு கிடையாது. அழைக்கப்பட்டவர் எத்தனை நாள் இருந்தாலும் அவர் பெயரிலேயே பில் அனுப்பலாம். அதையும் முழுசாகக் கொடுக்க மனசு வரவில்லை, இந்த வருஷக் கடைசிவரைதானாம். அப்புறம் நீட்டிப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. நம் இரண்டு பேருக்கும் இப்போது இது தேவையே இல்லை. டார்லா அந்த அறிவிப்பை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தாள், படித்தாள், கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

அன்று வியாழக்கிழமை. அல்வின் வந்திருந்தார், இடது பாதத்தைக் காட்ட. அந்தப் பாதத்தை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதே. டார்லாவின் கண்ணைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். மறைக்க எனக்குத் தோன்றவில்லை. சட்டத்தில் என்ன மாற்றம், அது இருந்திருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“பழைய தேதிக்கும் செல்லுமா டாக்டர்?” என்றார்.

செல்லாது என்றேன்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு, செயற்கைக் காலை ஊன்றி எழுந்து, மெடிகேர் போகத் தன் பங்குக் காசைக் கட்ட டார்லாவிடம் போனார்.

லாய்ட்